ருசி பார்த்தவள்

கோவித்துக்கொள்ளாதீர்கள் அம்மணி. நீங்கள் போனில் பேசியது என் காதில் விழுந்துவிட்டது. ஒட்டுக்கேட்கவில்லை. இந்த பெஞ்சில் ஆளுக்கு ஒரு முழ இடம்தான் இருக்கிறது, காதை எங்கே கொண்டுபோய் வைப்பது? "சோத்துல கலந்து குடுத்துட்டா அவருக்கே தெரியாதாமாக்கா" என்று உங்கள் அக்காவிடம் சொன்னீர்கள் அல்லவா, அதைக் கேட்டபிறகு என்னால் சும்மா உட்கார முடியவில்லை. வாங்கிவிட்டீர்களா? இன்னும் இல்லையா? நல்லது.

டாக்டரம்மாவைப் பார்க்க உங்கள் நம்பர் என்ன? நாற்பத்தொன்றா. எங்களுக்கு முப்பத்தெட்டு. இப்போதுதான் முப்பது உள்ளே போயிருக்கிறது. என் வீட்டுக்காரர் சுகர் பார்க்க இரத்தம் கொடுக்கப் போயிருக்கிறார். அங்கேயும் வரிசை நிற்கிறது. அவர் திரும்பி வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். வந்துவிட்டால் பேச்சை மாற்றிவிடுவேன், நீங்களும் ஏன் என்று கேட்காமல் கூட வந்துவிடுங்கள்.

என் பேர் தனபாக்கியம். மூலனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். இருபத்திரண்டு வருசமாக அதே வேலை. தினம் நூற்றுப் பத்து பிள்ளைகள் என் கையை நம்பிச் சாப்பிடுகின்றன. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. சோறு இறக்கியதும் பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் நான் ஒரு வாய், ஒரு வாத்தியார் ஒரு வாய், ருசி பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ருசிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இன்ன தேதி, இன்ன சாப்பாடு, உப்பு சரி, வெந்திருக்கிறது, தனபாக்கியம். ஒருநாள்கூட ருசி பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன். மோட்டாருக்குள்ளே செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். போர் மோட்டார், கிணற்று மோட்டார், எது எரிந்துபோனாலும் எங்கள் பக்கத்து விவசாயிகள் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். காயில் கட்டுவது எண்ணிக்கை வேலை. ஒரு காயிலுக்கு ஐம்பத்து நாலு சுற்று என்றால் ஐம்பத்து நாலு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடேறி எரிந்துவிடும். மற்றவர்கள் எண்ணும்போது வாயைத் திறக்க மாட்டார்கள். இவர் ஊர்க்கதை பேசிக்கொண்டே சுற்றுவார், நடுவில் சிரிப்பார், டீ குடிப்பார், ஐம்பத்து நாலில் கை தானாக நிற்கும். மண்டைக்குள் ஒரு மீட்டர் ஓடுகிறது என்பார்கள்.

குடிப்பார். தினமும் குடிப்பார்.

இல்லை, இருங்கள். எல்லோரிடமும் அப்படிச் சொல்லிச் சொல்லி அதுவே வாயில் வருகிறது. சனிக்கிழமை குடிப்பார். யாராவது பெரிய மோட்டார் கொண்டுவந்தால் புதன்கிழமையும். குடித்தால் கை நீட்டியதில்லை. பேசிக்கொண்டே தூங்கிவிடுவார். ஆனாலும் அந்த வாடை எனக்கு ஆகாது. நான் கௌரவமான இடத்தில் வேலை பார்க்கிறவள்.

போன ஆனி மாதம், எங்கள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டார் நின்றுபோய்விட்டது. சனிக்கிழமை மதியம். நான் ஆள் விட்டுச் சொன்னதும் இவர் ஓடிவந்து, சும்மாவே சரிசெய்து கொடுத்தார். செய்து முடித்துவிட்டு தலைமையாசிரியையிடம், "ஓடுதுங்க டீச்சர்" என்றார். குடித்த வாடை அந்த அம்மாவுக்கு எட்டிவிட்டது. முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். அந்த முந்தானை என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம் இரண்டு ஊர் தள்ளிப் போய் ஒரு மருந்துக்கடையில் கேட்டேன். எங்கள் ஊரில் கேட்டால் தெரிந்துவிடும். கடைக்காரர் டாக்டர் சீட்டுகூடக் கேட்கவில்லை. குடியை நிறுத்தும் மாத்திரை, தினம் ஒன்று, பொடி செய்து கலந்துவிடுங்கள், நிறையப் பேர் வாங்குகிறார்கள் என்றார். உங்களுக்கும் அப்படித்தானே சொன்னார்கள்?

சப்பாத்திக் கட்டையால் காகிதத்துக்குள் வைத்துப் பொடித்தேன். மாவு மாதிரி நைசாக. எதில் கலப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். இரசத்தில் அடியில் தங்கும். தயிரில் வெள்ளைப் பொடி தெரியாது. மதியம் அவருக்குத் தயிர்சோறு கட்டிக் கொடுப்பேன், அதில் கலந்தேன். அளவு தப்பாமல்தான் கலந்தேன் அம்மணி. ஒருநாள்கூடக் கூடுதலாகப் போடவில்லை. அதாவது, முதல் இரண்டு மாதம் கூடுதலாகப் போடவில்லை.

முதல் சனிக்கிழமை வந்தது. குடித்துவிட்டு வந்தவர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் செம்பருத்தி மாதிரி சிவந்துவிட்டது. நெஞ்சு அடிக்கிறது சட்டைக்கு வெளியே தெரிகிறது. வாந்தி, மறுபடி வாந்தி. மூச்சு இழுக்கிறது. "பாக்கியம், நான் போயிருவேனாட்ட இருக்குது" என்றார். நான் தலையைப் பிடித்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொடுத்தேன். பயந்துதான் போனேன். ஆனாலும் பயத்துக்குள்ளே ஒரு சந்தோசம் இருந்தது. மருந்து வேலை செய்கிறது என்ற சந்தோசம். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து சாமி படத்துக்கு முன்னால் நின்று, இனிமேல் தொடமாட்டேன் என்றார். சொன்ன மாதிரியே தொடவில்லை. அந்த ஆடி மாதத்தோடு விட்டுவிட்டார். உண்மையாகவே விட்டுவிட்டார்.

அப்போது நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? அவரை நம்பவில்லை. இவர் சொல்லி எத்தனை முறை விட்டிருக்கிறார், எத்தனை முறை தொட்டிருக்கிறார். மாத்திரைதான் விட வைத்தது, மாத்திரையை நிறுத்தினால் மறுபடி போவார் என்று நினைத்தேன். புரட்டாசியில் ஒருநாள் அவர் பழைய கூட்டாளி ஒருவரோடு கடைமுக்கில் நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பேசத்தான் பேசினார். அன்றிலிருந்து இரண்டு மாத்திரையாக்கினேன்.

கொஞ்ச நாளில் சாப்பிடும்போது முகம் சுளித்தார். வாயெல்லாம் செம்பு நக்கின மாதிரி இருக்கிறது என்றார். நான் சிரித்தேன். "பகலெல்லாம் செம்புக் கம்பியோட கெடக்கறீங்க, வேற எப்படி இருக்கும்" என்றேன். எல்லோரும் அதையே சொன்னார்கள்.

அப்புறம் எண்ணிக்கை தப்பியது. நாச்சிமுத்து என்று ஒரு விவசாயி, கட்டிக் கொண்டுபோன மோட்டார் நாலே நாளில் எரிந்துவிட்டது என்று திரும்பக் கொண்டுவந்து போட்டார். பிரித்துப் பார்த்தால் ஒரு காயிலில் ஐம்பத்தொன்று, இன்னொன்றில் ஐம்பத்தாறு. இவர் அதை மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, நாலாம் தடவையும் முதலிலிருந்து எண்ணினார். நாச்சிமுத்து விளையாட்டாக, "மேஸ்திரி குடிச்சப்ப ஒழுங்காக் கட்டினீங்க, விட்டப்புறம் கோட்டை விடறீங்களே" என்றாராம். வீட்டில் வந்து என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன். நான் ரொம்பச் சிரித்திருக்கிறேன் அந்தக் காலத்தில்.

சாக்பீஸில் தரையில் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தார். கோட்டையும் யாரோ அழித்துவிட்டார்கள் என்றார். டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர் பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றார். யாராவது இருமினால் கடையை விட்டு எழுந்து போய் ஏன் இருமினாய் என்று கேட்டார். சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். தூக்கம் போய்விட்டது. நான் இதற்கும் மாத்திரைக்கும் முடிச்சுப் போடவே இல்லை. சத்தியமாகப் போடவில்லை. குடித்த உடம்பு குடியை விட்டால் இப்படித்தான் ஆகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

தீபாவளிக்கு மகள் கோகிலவாணியும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம். இவர் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"இதுல நீ என்னமோ கலக்கறே. மொதல்ல நீ தின்னு."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். என் மகள் எழுந்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சாப்பிட்டேன். அந்தத் தட்டிலிருந்தே மூன்று கவளம் எடுத்து, மென்று, விழுங்கினேன். அதில் அன்றைய பங்கு மருந்தும் இருந்தது. குடிக்காதவளுக்கு அது என்ன செய்துவிடும்? மருந்துக்கடைக்காரரிடம் முதல் நாளே அதைக் கேட்டு வைத்திருந்தேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, "உப்பு சரியா இருக்குதுங்க" என்றேன்.

இருபத்திரண்டு வருசமாக நூற்றுப் பத்து பிள்ளைகளுக்காக நான் ருசி பார்த்தது, அந்த மூன்று கவளத்தை யாரும் சந்தேகப்படாமல் இருப்பதற்குத்தானோ என்னவோ.

மகள் அழுதாள். "அம்மாளைப் போய் இப்படிச் சொல்றீங்களேப்பா. ஊருப் பிள்ளைகளே நம்பித் திங்குது, உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்றாள். இவர் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "என்னமோ தப்பாத் தோணிருச்சு பாக்கியம், மன்னிச்சுக்க" என்றார். நான் மன்னித்தேன். மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொன்னேன், அம்மணி.

அதற்கு மூன்றாம் நாள் வீட்டுப் பாத்திரத்தையெல்லாம் வாரித் தெருவில் போட்டார். தயிர்ப்பானையைக் கல்லில் அடித்து உடைத்தார். தெருவே கூடிவிட்டது. மாப்பிள்ளை கார் பிடித்து இந்த மனநல ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் கேட்டார்கள். டாக்டரம்மா முதல் நாளே கேட்டார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று. சுகர் மாத்திரை மட்டும்தான் என்றேன். பக்கத்தில் மகள் நின்றிருந்தாள்.

இவர் டாக்டரம்மாவிடம், என் சம்சாரம் சாப்பாட்டில் மருந்து கலக்கிறாள் என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். நோவின் அடையாளமாகக் குறித்துக்கொண்டார்.

பதினெட்டு நாள் இங்கே இருந்தார். கலக்க ஆளில்லை, தானாக நின்றுவிட்டது. இரண்டாம் வாரம் தெளிந்தார். இங்கே கொடுத்த மாத்திரையால் தெளிந்தது என்றார்கள். நானும் ஊரில் அப்படித்தான் சொன்னேன்.

மார்கழியில் வீட்டாட்களுக்கு என்று ஒரு கூட்டம் வைத்தார்கள், அதோ அந்த அறையில்தான். டாக்டரம்மா பலகையில் படம் போட்டுச் சொன்னார். மூளைக்குள் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கு ஒரு இரசாயனத்தை அனுப்பித்தான் சேதி சொல்கிறதாம். சேதி சொன்னதும் அது ஒதுங்கிவிட வேண்டும், அல்லது வேறொன்றாக மாறிவிட வேண்டும். சாராயம், கஞ்சா, கண்ட மாத்திரை, ஒவ்வொன்றும் அந்தக் கணக்கை ஒவ்வொரு விதமாகக் கலைக்கிறது. ஒன்று மங்க வைக்கும், ஒன்று பொங்க வைக்கும். பொங்கித் தேங்கினால் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும், யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தெரியும். அப்புறம் சொன்னார்: குடியை நிறுத்தும் மாத்திரை இருக்கிறதே, அது டாக்டர் பார்த்து, குடிக்கிறவர் தெரிந்தே சாப்பிட வேண்டியது. தெரியாமல் கலந்து கொடுத்தால், குடித்தவுடனே உயிர் போனாலும் போகும். அதற்குத் தப்பினாலும் சிலருக்கு மூளையில் இந்தத் தேக்கம் வந்து சந்தேகம் பிடிக்கும். நிறுத்தினாலும் இரண்டு வாரம் உடம்பில் நிற்கும். வாயில் உலோக ருசி தட்டும் என்றார்.

உலோக ருசி. நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் முந்தானை எப்போது மூக்குக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கே எழுந்து சொல்லியிருக்கலாம். அதற்கப்புறம் இரண்டு தடவை வந்துவிட்டோம். ஒவ்வொரு தடவையும் சொல்லத்தான் வந்தேன். இந்தப் பையில், இதோ, அட்டையில் மிச்சம் ஏழு மாத்திரை. சும்மா சொன்னால் வாய் வராது, காட்டினால் தானாக வரும் என்று ஒவ்வொரு தடவையும் கொண்டுவருகிறேன். கொண்டுபோகிறேன்.

இப்போது அவர் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள், வருவார். காலை மூன்று மாத்திரை, இராத்திரி இரண்டு. விரல் தடித்துப்போன மாதிரி இருக்கிறது என்கிறார். கை நடுங்குகிறது. கம்பியைப் பிடித்தால் சுற்று விலகுகிறது. கடை மூடிக் கிடக்கிறது. போன தடவை டாக்டரம்மாவிடம், "இந்தக் கையோட காயில் கட்ட முடியுமாங்க?" என்று கேட்டார். முதலில் மனசு சரியாகட்டும், சந்தேகம் மறுபடி வராமல் இருக்க இரண்டு வருசமாவது சாப்பிட வேண்டும், இந்தத் தடவை பார்த்து முடிவு செய்யலாம் என்றார். இன்றைக்கு அந்த முடிவு.

ஒரு நோட்டும் எழுதச் சொன்னார்கள். தினமும் நான் போட்டதைச் சந்தேகப்படாமல், என்னை ருசி பார்க்கச் சொல்லாமல் சாப்பிட்டால் ஒரு டிக். கீழே வீட்டாள் கையெழுத்து. நாற்பத்திரண்டு நாள் ஆகிறது, நாற்பத்திரண்டு டிக். முதல் கவளம் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். கை நடுங்க நடுங்க வாயில் வைத்துக்கொள்கிறார். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "நோவு பேசினதை நெசம்னு நம்பி உன்னைப் படுத்திட்டேன் பாக்கியம்" என்கிறார். நான் கையெழுத்துப் போடுகிறேன். நாற்பத்திரண்டு கையெழுத்து. ருசிப் பதிவேட்டில் போடுகிற அதே கையெழுத்து.

அதனால்தான் சொல்கிறேன், வாங்காதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் வரமாட்டேன் என்றாலும் பரவாயில்லை, நீங்கள் மட்டும் வந்தீர்களே, அதுவே நல்லது. உள்ளே போய் டாக்டரம்மாவிடமே கேளுங்கள். வழி சொல்வார்.

நானா? நானும் இன்றைக்குச் சொல்லத்தான் போகிறேன். யோசித்து வைத்திருக்கிறேன். உள்ளே போனதும், டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அவரை வெளியே அனுப்பிவிடுவேன். டாக்டரம்மாவிடம் தனியாகச் சொல்லுவேன். அவர் பார்த்து மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடுவார். இவருக்கு எதற்கு நிறுத்தினார்கள் என்று தெரிய வேண்டியதில்லை. குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார், கடையைத் திறப்பார். தெரிந்தால் மனசு உடைந்துபோவார். மகள் என் முகத்தில் முழிக்க மாட்டாள். யாருக்கும் சேதமில்லாமல் முடிந்துவிடும், அல்லவா?

என்ன கேட்டீர்கள்? சத்தமாகக் கேளுங்கள், ஃபேன் சத்தத்தில் விழவில்லை.

அதுவும் அவருக்குத் தெரியாமலா என்று கேட்கிறீர்களா?

ஆமாம். அதுவும் அவருக்குத் தெரியாமல்தான்.

இல்லை, நீங்கள் ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. சின்னப் பெண் நீங்கள், சட்டென்று கேட்டுவிட்டீர்கள். நான் நாலு மாதமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன், இந்தச் சுற்று எனக்கு விட்டுப்போய்விட்டது. அவருக்கு வந்த சந்தேகமெல்லாம் நோவு என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒன்று நோவு இல்லை. அது எது என்று அவருக்குத் தெரியாவிட்டால், கடையைத் திறந்து எண்ணும்போது ஐம்பத்து நாலு என்று அவர் மண்டை சொல்வதை அவர் எப்படி நம்புவார்?

முப்பத்தேழு கூப்பிட்டாகிவிட்டது. அதோ வருகிறார் பாருங்கள், கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நீலச் சட்டை. பொத்தான் சரியாகப் போட்டிருக்கிறார். இன்னொரு கையில் இருப்பதுதான் அந்த நோட்டு. டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும் என்று காலையிலிருந்து கீழே வைக்கவில்லை.

அம்மணி, ஒரு உதவி செய்யுங்கள். இந்தப் பையை நீங்கள் வைத்திருங்கள். நான் வெளியே வருகிற வரைக்கும். அட்டையை எடுத்துக்கொண்டேன், இதோ கையில். சேலையில் பை கிடையாது. பை உங்களிடம் இருந்துவிட்டால் இதை ஒளித்து வைக்க எனக்கு இடமில்லை.

வந்துவிட்டார்.

"என்ன புள்ள, கையை இறுக்க மூடிட்டு நிக்கறே?"

"உக்காருங்க. நம்பரு கூப்பிடறதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். தீவாளி அன்னைக்கு நீங்க சொன்னது நெசமுங்க."